வெளிநாட்டு வயிற்றுப் பாதுகாப்புக் குழு

அந்தப் படிவத்தைக் கையில் வாங்கியதுமே தானியேல் அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்கிற சுபயோக் கம்பெனியில் அவன் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்டில் வேலை செய்கிறான். இந்தப் பதினோரு வருஷத்தில் கம்பெனி தானாகக் கூப்பிட்டு நீட்டிய காகிதம் ஒன்றுகூட அவனுக்கு நல்லது செய்ததில்லை. இது நல்லது செய்யும் என்று நம்ப அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். போலந்திலிருந்து புது மெஷின் ஒன்று வரப்போகிறது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒருவன் ஆறு வாரம் அங்கே போய் வர வேண்டும். பழைய மெஷினின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய ஆள் தானியேல் ஒருவன்தான் என்பதால் வேறு வழியில்லாமல் அவன் பெயரை எழுதினார்கள். போய் வந்ததும் வேலை நிரந்தரம் என்றும் சொன்னார்கள். விசா ஆபீசுக்குப் போன கடிதத்தில் அவன் 'எங்கள் மதிப்புக்குரிய ஊழியர்'. அதே கம்பெனியின் கேட்டில் அவனுக்குத் தனி வரிசை, கேன்டீனில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு தனி நேரம்.

போன வருஷம் இதேபோல் அன்புராஜ் என்பவனை அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாளே அவனுக்கு வயிறு கெட்டுவிட்டது. என்ன சாப்பிடுவது என்று தெரியாமல், தயிர் என்று நினைத்து டப்பா டப்பாவாக எதையோ வாங்கித் தின்றிருக்கிறான். அது ரொட்டிக்குத் தடவுகிற கொழுப்பு. பயிற்சிக் காலத்தில் பாதியை ஓட்டல் கழிவறையிலேயே முடித்துக்கொண்டு, மெஷினைச் சரியாகக் கண்ணால்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தான். அவன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கம்பெனியில் யாரும் விசாரிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குழு அமைத்தார்கள்.

குழுவின் பெயர் 'வெளிநாட்டு வயிற்றுப் பாதுகாப்புக் குழு'. தலைவர், பணியாளர் துறைப் பெரிய அதிகாரி துளசிராமன். உறுப்பினர்கள், பாதுகாப்பு அதிகாரி காயத்ரியும் கேன்டீன் மேலாளர் பூவராகவனும். மூன்று பேரும் கம்பெனியின் நிரந்தர ஊழியர்கள். மூன்று பேரும் வெளிநாடு போனதில்லை. அதனால் திறந்த மனத்தோடு வேலையைத் தொடங்கினார்கள் என்று சுற்றறிக்கை சொன்னது.

அவர்கள் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு போட்டார்கள். 'வெளிநாட்டில் வயிறு கெட்டால் என்ன சாப்பிடுவது' என்பது தலைப்பு. முதல் நாற்பது பக்கத்தில் வாழ்த்துரைகளும், வாழ்த்தியவர்களின் புகைப்படங்களும், குழு கூடிய நாட்களின் விவரமும் இருந்தன. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட ஒன்பது உணவுகள். மீதிப் பக்கங்களில் அவற்றைச் சாப்பிட எப்படி விண்ணப்பிப்பது என்ற முறை. வயிறு கெட்ட ஊழியர் குழுவுக்கு மெயில் அனுப்ப வேண்டும். மூன்று உறுப்பினர்களும் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வரும்வரை ஊழியர் தன் வயிற்றை இருக்கும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நிரப்ப வேண்டிய படிவம்தான் இப்போது தானியேல் கையில் இருந்தது. தொழிலாளிக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலேயே அடித்திருந்தார்கள். அதை அவன் கவரைப்பேட்டையில் இருக்கிற தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டே அவன் மனைவி விக்டோரியா அதை இரண்டு முறை படித்தாள்.

"வயித்து நலப் படிவம்னு போட்டுக்கீது. இத்த பாரு, 'கடைசியாக வெளியே சென்ற தேதி, நேரம்'. இன்னாத்துக்குய்யா இதெல்லாம் கேக்கறாங்க?"

"டாக்டரு கேப்பாரே, வெளிய போனியா, எத்தினி வாட்டி போனன்னு. அந்த மாதிரிதான்."

"டாக்டரு கேட்டா மருந்து குடுக்கறாரு. இவங்க இன்னா குடுப்பாங்க? உன்ன கழட்டி உட்டுட்டு வேற எவனையோ அனுப்பப் பாக்கறாங்க. பொய் கிய் எழுதி மாட்டிக்காத. இருக்கறத இருக்கற மாதிரி எழுது."

அவன் இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதினான். கடைசியாக வெளியே சென்றது: இன்று காலை ஆறு பத்து. எத்தனை முறை சென்றிருக்கிறீர்கள்: தினமும் இரண்டு. தங்கிய காலம்: பத்து நிமிஷம், போன் இருந்தால் இருபது. உங்களை அனுப்பியவர் யார்: யாரும் அனுப்பவில்லை, தானாக வந்தது. சென்ற இடத்தில் ஏற்பட்ட சிரமங்கள்: சில நாள் தண்ணீர் வராது. கீழே கையெழுத்துப் போட்டு, ஷிஃப்டுக்குப் போகிற வழியில் ஆபீஸ் ஜன்னலில் கொடுத்துவிட்டான்.

பதினொன்றரை மணிக்கு அவனைக் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். நீளமான மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் துளசிராமன். அவருக்கு முன்னால் படிவமும், தானியேலின் பாஸ்போர்ட்டும் இருந்தன. பாஸ்போர்ட் எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது, உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை. அதைத்தான் துளசிராமன் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா வெளியே போனது இன்னைக்குக் காலையில ஆறு பத்துன்னு எழுதியிருக்க. சரிதானா?"

"ஆமா சார்."

"ஆனா எட்டு மணிக்கு ஷிஃப்ட்ல இருந்திருக்க."

"டைம்முக்கு வந்துட்டேன் சார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தினமும் ரெண்டு தடவைன்னு போட்டிருக்க. இதை எத்தனை வருஷமா செய்யற?"

"சின்ன வயசுலேந்து சார்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியும் சார். அவங்களும் போறாங்க."

"குடும்பத்தோடவா?"

"இல்ல சார். ஒருத்தர் வந்தப்பறம் இன்னொருத்தர்."

துளசிராமன் அதைக் குறித்துக்கொண்டார். குழுவாகவும் முறையாகவும் இயங்குகிறார்கள் என்று அவர் எழுதியதை, தலைகீழாக இருந்தாலும், தானியேலால் படிக்க முடிந்தது. விக்டோரியா சொன்னது சரிதான், இவர்கள் எதையோ தோண்டுகிறார்கள்.

"எந்த வழியா போறீங்க?"

"ஊட்டுக்குப் பின்னாடி சார். முன்னலாம் ஏரிக்கரைக்குப் போய்க்கினு இருந்தோம். இப்ப கவர்மென்ட்டு கட்டிக் குடுத்துச்சி."

"கவர்மென்ட்டா? எந்த கவர்மென்ட்?"

"நம்ம கவர்மென்ட்டுதான் சார். ஆபீசருங்க வந்து போட்டோகூட புட்ச்சிக்கினு போனாங்க. செவுத்துல நம்பரு எழுதிக்கீறாங்க."

பூவராகவன் நாற்காலியை மேஜையை விட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் பள்ளிப்பட்டுக்காரர், ஆந்திர எல்லையில் பிறந்தவர், எல்லை விவகாரம் என்றாலே ஒதுங்கிவிடுகிற ஆள். "நான் அப்பவே நெனச்சேன் நைனா," என்றார் துளசிராமனிடம். "இது பெரிய எடத்து மேட்டரு. நாம இதுல தலைய உடவேணாம்."

காயத்ரி மட்டும் படிவத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். சில நாள் தண்ணீர் வராது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று கோப்பை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கோப்பும் தோள்களும் கொஞ்ச நேரம் குலுங்கின. பிறகு துளசிராமன் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார்.

துளசிராமனின் முகம் சிவந்து, கறுத்து, பிறகு அதிகாரியின் முகமாக மாறியது. "படிவத்துல தப்பு இல்ல," என்றார். "வெளியேன்னா வெளிநாடு. படிச்சவங்க எல்லாருக்கும் அது தெரியும்."

"அது வயித்து ஃபாரம் சார். வயித்தப் பத்திதான் கேக்கறீங்கோன்னு நெனச்சேன்."

"நீ என்ன நினைச்சேங்கறது பதிவேட்டுல வராது. எழுதினதுதான் வரும். காலையிலேயே கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. கம்பெனிக் கணக்குப்படி நீ தினமும் ரெண்டு தடவை வெளிநாடு போய்ட்டு வர்றவன். இவ்வளவு அனுபவம் உள்ளவனுக்குப் பயிற்சி எதுக்குன்னு நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

ஆறு வாரம், அதற்கப்புறம் நிரந்தரம், அது கண்ணெதிரே கழிவறை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. "இன்னா சார் கேக்கணுமோ கேளுங்க, கரெக்டா சொல்றேன்," என்றான் தானியேல்.

துளசிராமன் பெரிய மனது பண்ணினார். "சரி. கடைசியா ஒரு கேள்வி. போலந்துல உனக்கு வயிறு கெட்டுப்போச்சு. என்ன சாப்பிடுவ?"

"கஞ்சி சார்."

மூன்று கையேடுகள் ஒரே நேரத்தில் திறந்தன. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மூன்று விரல்கள் மேலிருந்து கீழே இறங்கின.

"கஞ்சி பட்டியல்ல இல்லை," என்றார் துளசிராமன்.

"சோறு இருக்குதா சார்?"

"இருக்கு. மூணாவது."

"உப்பு?"

"ஏழாவது. ஒரு சிட்டிகை."

"கொதிக்க வச்ச தண்ணி?"

"அதுதான் ஒண்ணாவது."

"மூணையும் ஒண்ணா சேத்தா கஞ்சி சார். ரெண்டு வேள குடிச்சா வயிறு கப்புனு நின்னுடும்."

துளசிராமன் சாய்ந்து உட்கார்ந்தார். பல வருஷ அனுபவத்திலிருந்து பேசுகிற தொனி அவருக்கு வந்துவிட்டது. "பாரு தம்பி, பிரச்சினையே அதுதான். மூணுக்கும் தனித்தனியா அனுமதி இருக்கு. சேர்க்கறதுக்கு அனுமதி இல்ல. இன்னைக்குச் சோத்தையும் தண்ணியையும் சேர்ப்ப. நாளைக்குக் கான்ட்ராக்ட் ஆளுங்களும் பர்மனென்ட் ஆளுங்களும் ஒண்ணு சேரலாமேன்னு உனக்குத் தோணும். ஒரு கம்பெனியை அப்படி நடத்த முடியாது."

"வயித்துக்குள்ள போனா எப்டியும் சேந்துடும் சார்."

"அது உன் வயித்தோட பொறுப்பு. கம்பெனியோட பொறுப்பு வாய் வரைக்கும்தான்."

அன்று சாயங்காலமே முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. தானியேலின் பயணம் ஒத்திவைக்கப்படுகிறது. போலந்தின் வயிற்றுச் சூழலை முதலில் குழு நேரில் சென்று பத்து நாள் ஆய்வு செய்யும். தானியேல் அதைப் படித்துவிட்டு மூன்று பேரின் பெயர்களையும் இன்னொரு தடவை படித்தான். அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது. ஆனாலும் குழுவுக்கு விசா எடுக்கிற ஆறு வாரமும் வாயை மூடிக்கொண்டு மெஷினை ஓட்டினான், ஏனென்றால் ஒத்திவைப்பு என்பது ரத்து இல்லை.

வழியனுப்பு விழாவில் துளசிராமன் சால்வையோடு பேசினார். "தொழிலாளி வயித்துல ஒரு கல்லு விழறதுக்கு முன்னாடி அந்தக் கல்லை நாங்க சாப்பிட்டுப் பார்க்கணும். அதுக்காகத்தான் குடும்பத்தையெல்லாம் விட்டுட்டுப் போறோம். பத்து நாள் ஐரோப்பாவுல கஷ்டப்படணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்தா?" கூட்டம் கைதட்டியது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் கைதட்ட அனுமதி இருந்தது.

நான்காம் நாள் காலை, தானியேல் மெஷினில் நின்றுகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஓடிவந்து தன் போனை நீட்டினார். முகத்தில் கலவரம். "பெரியவரு. போலந்துலேந்து. உன்னத்தான் கேக்கறாரு."

போனில் முதலில் பேச்சு வரவில்லை, முனகல்தான் வந்தது. பிறகு துளசிராமனின் குரல், பாதியாகச் சுருங்கிப்போய்: "தானியேலு. மூணு பேருக்கும் வயிறு போய்ட்டிருக்குப்பா. முந்தாநாள்லேர்ந்து. என்ன சாப்பிடறது?"

இது பரீட்சை என்று தானியேலுக்குத் தோன்றியது. பதிலைப் பதிவு செய்வார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். "கையேட்டுல இருக்கறத சாப்புடுங்க சார்," என்றான் ஜாக்கிரதையாக.

"அதுக்குத்தான் மெயில் அனுப்பினோம். அது எங்க போனுக்கே வந்துச்சு. உடம்பு சரியில்லாத உறுப்பினர் ஒப்புதல் தரக்கூடாதுன்னு பதினாலாம் விதி. நான்தான் எழுதினேன். ரெண்டு நாளா மூணு பேரும் பட்டினி."

பின்னால் யாரோ ஓடுகிற சத்தமும், கதவு அறைகிற சத்தமும், கதவுக்கு வெளியே பூவராகவன், "சீக்கிரம் வாம்மா, தாங்க முடில," என்று கெஞ்சுகிற சத்தமும் கேட்டன. அப்புறம் மறுபடியும் அந்த முனகல். தானியேல் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிறவன் அவன். இது நடிப்பு இல்லை.

நிரந்தர ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க இதைவிட நல்ல நேரம் வராது என்று அவனுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வயிறு கெட்டுக் கிடக்கிற மனுஷனிடம் எப்படிக் கேட்பது? "அங்க அரிசி கெடைக்குதா சார்?" என்றான்.

"ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையில விக்கறான், பையோடயே வேக வைக்கணுமாம்."

"வாங்கியாந்து பைய கிழிச்சி அரிசிய கொட்டுங்க. ரூம்ல தண்ணி கொதிக்க வெக்கற கெட்டிலு இருக்கும் பாருங்க, அதுல நெறைய தண்ணி ஊத்தி அரிசியப் போட்டு, நாலஞ்சி வாட்டி கொதிக்க உடுங்க. கொழையணும் சார், பருக்கையே தெரியக் கூடாது. உப்பு போட்டு ஆளுக்கு ரெண்டு டம்ளரு குடிங்க. இன்னிக்கி பூரா வேற எதுவும் வேணாம். நாளிக்கி சரியாப்பூடும்."

"கெட்டில்ல சமைக்கறது பாதுகாப்பு விதிக்கு எதிரானது," என்று தூரத்தில் காயத்ரியின் பலவீனமான குரல் கேட்டது. பிறகு அதே குரல், "அரிசி எவ்வளவு போடணும்னு கேளுங்க சார்," என்றது.

மறுநாள் அவர்களுக்குச் சரியாகிவிட்டது. மீதி நாட்களை அரண்மனைகளையும் ஆற்றங்கரைகளையும் பார்த்துக் கழித்துவிட்டு, கன்னம் மினுமினுக்கத் திரும்பி வந்தார்கள். தானியேல் நன்றியை எதிர்பார்க்கவில்லை. ஒரு தலையசைப்பை எதிர்பார்த்தான். துளசிராமன் அவனைக் கடந்து போகும்போது போனைப் பார்த்துக்கொண்டே போனார்.

சிக்கல் ஓட்டலிலிருந்து வந்தது. கஞ்சி அடிப்பிடித்துக் கெட்டில் கருகிவிட்டதாக, புகைப்படத்தோடு கம்பெனிக்கே மெயில் அனுப்பிவிட்டார்கள். மேலிடம் விளக்கம் கேட்டது. விளக்கத்தில் கஞ்சி என்று எழுதினால் கையேடு தப்பு என்றாகிவிடும். எழுதாவிட்டால் மூன்று அதிகாரிகள் கெட்டிலுக்குள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி வரும். ஆகவே பொறுப்பாளி ஒருவன் தேவைப்பட்டான்.

"தானியேலுக்குக் குற்றப்பத்திரிகை குடுத்துடலாம்," என்றார் துளசிராமன். "அனுமதியில்லாத உணவை அதிகாரிகளுக்குப் பரிந்துரை செஞ்சது ஒண்ணு. கெட்டிலைத் தவறா பயன்படுத்தத் தூண்டினது ரெண்டு. வேலை நேரத்துல பதினோரு நிமிஷம் போன்ல பேசினது மூணு."

"கஞ்சி வேலை செஞ்சுது சார்," என்றார் காயத்ரி, கொஞ்சம் சங்கடத்தோடு.

"அதுதான் இருக்கறதுலயே பெரிய குற்றம். வேலை செய்யாம போயிருந்தா அவனை மன்னிச்சிருக்கலாம்."

காயத்ரி, கம்பெனியின் வேலை விதிகள் அடங்கிய நிலையாணைப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆனா இதுல ஒண்ணு இருக்கு சார். கான்ட்ராக்ட் ஆளுக்கு நாம குற்றப்பத்திரிகை குடுக்க முடியாது. நாளைலேர்ந்து வராதேன்னு சொல்லலாம், அவ்வளவுதான். குற்றம் சாட்டணும்னா அவன் முதல்ல கம்பெனி ஆளா இருக்கணும்."

துளசிராமன் நெடுநேரம் யோசிக்கவில்லை. வெளியே துரத்தினால் ஆள் போய்விடும், கெட்டில் மட்டும் அவர் மேஜையில் நிற்கும்.

அடுத்த நாள் காலை ஒன்பதரை மணிக்கு அவர் தானியேலைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். கம்பெனி உன்னைக் குடும்பத்துல ஒருத்தனா ஏத்துக்கிச்சு." நிரந்தர ஆர்டர். முத்திரை, கையெழுத்து, பெயர் எல்லாம் சரியாக இருந்தன. தானியேல் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்படியும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கழுத்தில் மாட்டிய புது அடையாள அட்டை நெஞ்சில் உரச உரசத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பன்னிரண்டரை மணிக்கு, மற்றவர்களோடு சேர்ந்து கேன்டீன் வரிசையில் நின்றான். பொரியல் சூடாக இருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

தட்டில் சோறு விழுகிற நேரத்தில் பூவராகவன் வந்து பக்கத்தில் நின்றார். கையில் ஒரு உறை. "தப்பா நெனச்சிக்காத நைனா. என்னைய குடுக்கச் சொல்லிட்டாங்க. நீ சாப்ட்டுட்டே படி." பிறகு தட்டைப் பார்த்து, தரையைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாப்டவும் கூடாதாம். பன்னண்டரைலேந்து சஸ்பெண்டு."

தானியேல் கேட்டைத் தாண்டி வெளியே வந்தபோது, எதிரே போலந்து மெஷினை ஏற்றிய லாரி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் அந்த வளாகத்தில் யாரும் இல்லை. கூர்க்கா லாரிக்கு சல்யூட் அடித்தார்.

சாயங்காலம் விக்டோரியா இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தாள். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள்.

"பர்மனென்ட்டு பண்ணிட்டு ஒடனே சஸ்பெண்டா. இதுல எது மெய்யி?"

"ரெண்டும் மெய்யிதான். நான் மூணு மணி நேரம் கம்பெனி ஆளா இருந்தேன்." பதினோரு வருஷம் உழைத்தபோது கண்ணுக்குத் தெரியாதவன், கருகிப்போன ஒரு கெட்டிலுக்காகக் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது.

விக்டோரியா இரண்டாவது காகிதத்தை விடவில்லை. "விசாரண முடியறவரிக்கும் உன்ன வேலைய உட்டுத் தூக்க முடியாதுன்னு போட்டுக்கீதே. பாதி சம்பளம் வேற குடுப்பாங்களாம்."

"ஆமா."

"விசாரிக்கறது யாரு?"

"அதே மூணு பேருதான். மொதல்ல விசாரணைக்கு ஒரு கையேடு எழுதப் போறாங்களாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். பிறகு அவள் காகிதங்களை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, ஜெபத்துக்கு முட்டி போட்டாள். அவனும் பக்கத்தில் முட்டி போட்டான்.

"ஆண்டவரே," என்று அவள் கண்ணை மூடித் தொடங்கினாள், "எங்க ஊட்டுக்காரரு மேல ஒரு குத்தமும் இல்லன்னு சீக்கிரமே அவங்களுக்குத் தெரியணும்..."

தானியேல் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"அவசரப்படாத. நான் ரிட்டயர்டு ஆனப்பறம் தெரிஞ்சா போதும்னு கேளு."